எலுமிச்சை வண்டியின் பேட்டரி

வேடியப்பன் மாமா போய்ச் சேர்ந்த பிறகும் அவர் குரல் அக்கா வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் எலுமிச்சை ஜூஸ் வண்டி போட்டிருந்தவர். நாளெல்லாம் கத்தினால் தொண்டை போகும் என்று ஒரு கை மைக் வாங்கி, அதிலேயே பேசிப் பதிந்து, வண்டியில் தொங்கவிட்டிருந்தார். "சில்லுனு எலுமிச்ச ஜூஸ், வாங்க சாமி, குடிச்சிட்டு நடங்க." திரும்பத் திரும்ப அதுதான்.

ஆடிப் பௌர்ணமி சாயங்காலம் புதிதாகப் பேசிப் பதிந்தார். கொஞ்ச நேரத்தில் வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஏரிப் பக்கம் நடந்து போனார். மைக் அது பாட்டுக்கு ஜூஸ் விற்றுக்கொண்டிருந்தது. மறுநாள் தண்ணீரில் கிடந்தார்.

பொண்டாட்டியோடு சண்டை, அதான் விழுந்துட்டான் என்று ஊரில் பேசினார்கள். சண்டை நடந்தது உண்மை. கோபித்துக்கொண்டு பாஞ்சாலை அக்கா கீழ்பென்னாத்தூருக்கு, எங்கள் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். பௌர்ணமி அன்றைக்கு இருட்டும்வரை என்னோடு கொல்லையில் மல்லாட்டைச் செடி பிடுங்கிக் கடலை ஆய்ந்தாள். தன்னால்தான் செத்தாரா என்ற கேள்வி அவளை விடவில்லை. அவர் குரலையாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தாள்.

அந்த மலிவு மைக்கில் பேட்டரியைக் கழற்றினால் பதிவு அழிந்துவிடும். அக்கா தினமும் சார்ஜ் போட்டுக் காப்பாற்றினாள். இப்போது பேட்டரி உப்பிப்போய், சார்ஜே ஏறவில்லை.

நான் செங்கல் இறக்குகிறவன், எனக்கு இதெல்லாம் தெரியாது. பிரகாஷிடம் போனேன். டவுனில் செல்போன் கடை வைத்திருக்கிறான், லீவு நாளில் பொம்மை விமானம் விடுவான். மாமாவின் மைக்குக்கு ஒரு விமானப் பேட்டரியைக் கொடுத்ததும் அவன்தான். பழசைக் கழற்றாமலே புதுசைச் சேர்க்கலாம் என்றான். சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு. அதற்குப் பேரலல் என்று பெயர். வோல்ட் ஏறாது, இரண்டும் சேர்ந்து மைக்குக்குக் கொடுக்கும், அப்புறம் பழசை எடுத்துவிடலாம். ஒன்றின் சிவப்பை இன்னொன்றின் கறுப்பில் கோத்தால் சீரிஸ். வோல்ட் இரண்டு மடங்காகி போர்டு பொசுங்கிவிடும். புதுசில் சார்ஜ் ஜாஸ்தியாகவும் பழசில் கம்மியாகவும் இருந்தாலும் ஆபத்துதானாம். சேர்த்ததும் இதிலிருந்து அதற்குள் கொட்டும், தீப்பிடிக்கும். அதனால் மீட்டர் வைத்துப் பார்த்து, புதுசையும் பழசின் அளவுக்கு இறக்கிக் கொடுத்தான்.

மத்தியானம் அக்கா வீட்டுத் தரையில் உட்கார்ந்து ஒயரைச் சீவினேன். சார்ஜ் இறங்கியதால் மாமாவின் குரல் இழுபட்டது. சில்லுனு என்பதற்கே ஒரு மூச்சு பிடித்தது. எருமை கத்துவது போலிருந்தது. சிவப்பைச் சேர்த்தேன், கறுப்பைச் சேர்த்தேன். பொறி பறக்கவில்லை. உப்பின பேட்டரியை எடுத்து வெளியே மண்ணில் வைத்துவிட்டு வந்தேன். குரல் நிற்கவில்லை. எனக்கு உயிர் வந்தது.

அக்கா மட்டும் தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கும் கேட்டது. மாமாவின் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே, தூரத்தில் ஒரு பொம்பளைக் குரல். அவர் குரல் எருமையாக இழுபட்டிருக்க, அது மட்டும் இழுபடவே இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து பேசுவது போல இருந்தது. அக்காவின் குரல். நான் அவள் வாயைப் பார்த்தேன். மூடியிருந்தது.

சார்ஜரைச் செருகினேன். ஏற ஏற மாமா பழையபடி பேச ஆரம்பித்தார். சொற்களுக்கு நடுவே இருந்த சந்து அடைபட்டு அந்தக் குரல் மறைந்தது.

"அதப் புடுங்கு, சகாதேவா."

இறங்கினால் பதிவு போய்விடும், அப்புறம் மாமா குரல் கிடைக்கவே கிடைக்காது என்று சொல்லிப் பார்த்தேன். அவள் என்னை நகர்த்திவிட்டுத் தானே பிடுங்கினாள். ஏறியிருந்தது கொஞ்சம்தான். அது தீரத் தீர, மாமா மறுபடியும் இழுபட்டார். கடைசியில் சொல்லே இல்லாத உறுமலாகிவிட்டார். அப்போது மற்றது தெளிவாகக் கேட்டது.

"கோவம் போயிடுச்சுங்க. வாங்க, ஏரிக்கரையில நிக்கறேன்."

அக்கா அழவில்லை. முந்தானையால் மைக்கை ஒரு தடவை துடைத்தாள்.

"என்ன நம்பித்தான்டா போயிருக்காரு" என்றாள். "கோச்சிக்கினு போவல."

"அது நீ இல்லியே அக்கா. நீ எங்கூடத்தான இருந்த."

"அது எனக்குத் தெரியும். அவருக்கு எப்டித் தெரியும்?"

நான் சார்ஜரை எடுக்கப் போனேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். இன்னும் பௌர்ணமிக்குப் பௌர்ணமி சனம் நடக்குது, இது யாரையும் கூப்பிட வேண்டாம் என்று சொல்லி, பேட்டரியின் ஒயரை இழுத்துக் கழற்றினாள். உறுமல் நின்றது. மாமாவும் அதோடு போனார். அதன் பிறகுதான் அக்கா அழுதாள்.

அன்றிலிருந்து அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து தோளைத் தொடுகிறாள். என் குரல் கேட்டால் திரும்பாதே, கை பட்டால் மட்டும் திரும்பு என்று சொல்லி வைத்திருக்கிறாள்.

நேற்று ஏரிக்கரையில் யாரோ கட்டும் வீட்டுக்குச் செங்கல் இறக்கிக்கொண்டிருந்தேன். வெயில் சாய்ந்துவிட்டது. பின்னாலிருந்து, "சகாதேவா, சாப்ட வாடா" என்று அக்கா கூப்பிட்டாள். பசியாகத்தான் இருந்தது. கையிலிருந்த கல்லோடு குனிந்தபடியே நின்றேன், தோளில் கை விழும் என்று.

விழவில்லை. இன்னும் ஒரு தடவை கூப்பிட்டாள், இந்தத் தடவை இன்னும் பிரியமாக.