பாபாவின் அபராதப் பாக்கி

நூற்றுப் பன்னிரண்டு திர்ஹம். கொத்து வேலைக்காரன் பிஹி, தன் ஏழு வயது மகள் தீலீலாவுக்குத் தர வேண்டிய பாக்கி அது.

விதியை வகுத்தவனும் அவனேதான். மகளிடம் அம்மா அரபி பேசுவாள், அப்பா தன் மலைப்பேச்சான தாஷெல்ஹீத் பேசுவான். அப்பா மறந்துபோய் அரபிக்குத் தாவினால் தடவைக்கு ஒரு திர்ஹம். காசாபிளாங்காவில் பிறந்த பிள்ளைக்குத் தன் மலைப்பேச்சு ஒட்டாமல் போய்விடுமோ என்று அவனுக்கு அப்படியொரு தவிப்பு. ஆனால் பகலெல்லாம் சாரத்தில் நின்று மேஸ்திரியிடம் அரபியில் திட்டு வாங்குகிறவனுக்குக் கோபமும் அரபியில்தான் வந்தது. இது தெரிந்து தீலீலா அவன் செருப்பை நடைவழியில் போட்டுவிட்டுக் காத்திருப்பாள். அவன் தடுக்கி விழுந்து அவளைத் திட்டுவான். பாக்கி ஏறும்.

அவளோ அவன் எதைக் கேட்டாலும் அரபியில்தான் பதில் சொன்னாள். மலைப்பேச்சில் ஒரே ஒரு சொல்கூட அந்த வாயிலிருந்து இதுவரை வந்ததில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் பிஹியின் தம்பி ஹ்மாத் சாப்பிட வந்தான். நால்வரும் குஸ்குஸ் தட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"அண்ணே, இது உன் பொண்ணா, உன் அரபி மாமனார் பொண்ணா?" என்றான் ஹ்மாத், மலைப்பேச்சில். "இத்தன வருஷம் செவுத்துக்கிட்ட பேசியிருந்தா அதுகூட வாயத் தொறந்திருக்கும்."

பிஹி கையிலிருந்த கவளத்தைத் தட்டில் போட்டான்.

"என்னங்க, பிள்ள காச எப்பத்தான் குடுப்பீங்க?" என்று மனைவி கிஸ்லான் கேட்டாள். அவளுக்கு அரபி தவிர வேறு பேச்சு தெரியாது.

"கூலி வரட்டும்," என்று அவளிடம் அரபியில் சொல்லிவிட்டு, பிஹி தம்பி பக்கம் திரும்பி மலைப்பேச்சுக்கு மாறினான். "கூலியெல்லாம் போன வாரமே வந்திருச்சுடா. மோட்டார் சைக்கிள் வாங்க ஒளிச்சு வெச்சிருக்கேன். பழைய ஜெல்லாபா அங்கியோட உள்பையில இருக்கு. இவளுக்குத் தெரிஞ்சா நான் தொலைஞ்சேன்."

"மெதுவா. பொண்ணு இருக்கா."

"இருந்தா என்ன? செவுருன்னு நீதானே சொன்ன."

தீலீலா விரலை நக்கினாள்.

"அங்க மொத்தமும் இல்ல பாபா," என்றாள். மலைப்பேச்சு. அவன் ஊர் இழுப்பு மாறாத மலைப்பேச்சு. "நேத்து வண்டி விக்கிறவன்கிட்ட, காசு ஜெல்லாபாவுல இருக்குன்னு போன்ல சொன்னியே, அப்பவே என் நூத்திப் பன்னெண்ட எடுத்துக்கிட்டேன். மீதிய எண்ணி அங்கயே வெச்சிட்டேன். உன்ன மாதிரி வாலறுந்த கழுதையா நான்?"

வாலறுந்த கழுதை என்பது மேஸ்திரிக்குப் பிஹி வைத்திருந்த பட்டம். ஊர்க்காரர்களோடு பேசும்போது மட்டும் சொல்வது.

இவளை அறைவதா, தூக்கிக் கொஞ்சுவதா என்று பிஹிக்குத் தெரியவில்லை. கண் மட்டும் அது பாட்டுக்குக் கலங்கியது.

"என்னடி சொன்ன? ஏன் உங்கப்பா அழுவுறாரு?" என்றாள் கிஸ்லான்.

பிஹி மகளைப் பார்த்தான். கும்பிடாத குறை. தீலீலா அவன் பக்கத்து இறைச்சித் துண்டை நிதானமாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அரபியில் சொன்னாள்:

"ஒண்ணுமில்லம்மா. பாபா கடன அடைச்சிட்டாரு."