ஒற்றைக் குண்டு

அமெரிக்கச் சபையில் கை தூக்கி எங்கள் போருக்கான உதவியை வெட்டிவிட்டார்களாம். சைகோன் வானொலி அதை மழைச் செய்தி மாதிரி வாசித்தது. அந்த வாரமே எங்கள் பீரங்கித் தளத்தில் குண்டுக்கு ரேஷன் வந்துவிட்டது. கூப்பிடுகிறவனுக்கு ஒரு குண்டு. அதற்கு மேல் கேப்டன் தாக் கிடங்கைத் திறக்க மாட்டார்.

நான் ரேடியோக்காரன். குன்றுகளின் மேலுள்ள காவல் அரண்கள் ஆபத்தென்றால் என்னைத்தான் கூப்பிடும். அதில் ஒன்றில் தோவான் இருந்தான். முகம் பார்த்ததில்லை, குரல்தான் பழக்கம். "அண்ணே, தெத் புத்தாண்டுப் பண்டிகைக்கு வருவேன். உங்க வீட்டுச் சாராயத்த ஒளிச்சு வெச்சுக்குங்க" என்பான். அவனை விட்டால் என்னிடம் சிரித்துப் பேச நாதியில்லை.

அன்று மதியம் கத்தினான்.

"அண்ணே, வடக்கத்தியானுங்க கம்பி வேலிகிட்ட வந்துட்டானுங்க! போடுங்க!"

போட்டோம். ஒன்று.

"அடி சக்கை! சரியா விழுந்துச்சு. இனி கொட்டுங்க. நாங்க எல்லாரும் பதுங்குகுழிக்குள்ள இறங்கிட்டோம்."

அடப்பாவிகளா! பழைய பழக்கம். முதல் குண்டு குறி பார்க்க. குறி சரியென்றால் அடுத்தது சரமாரியாக விழும், அது ஓயும்வரை யாரும் தலையை நீட்டக் கூடாது. இத்தனை வருடம் அப்படித்தான் நடந்தது. ரேஷன் சேதி அவர்களுக்குப் போகவில்லை. எதிரி ஒட்டுக்கேட்பான், ரேடியோவில் மூச்சு விடாதே என்று எனக்கு உத்தரவு. இப்போது வேலியருகே எதிரி, துப்பாக்கி பிடிக்க மேலே ஒரு ஆள் இல்லை.

"சார், இன்னும் நாலே நாலு" என்று கேப்டனிடம் கெஞ்சினேன்.

"நாளைக்கு அவனுங்க டவுனுக்குள்ள வந்தா உங்கப்பனா குண்டு தருவான்? பொறுக்கச் சொல்லு." அவர் கண் கலங்கியிருந்தது. கலங்கட்டுமே, எனக்கென்ன?

"அண்ணே, ஏன் லேட்டு? தூங்கிட்டீங்களா?"

உத்தரவாவது மண்ணாவது! "தம்பி, குண்டு இல்லடா! அந்த ஒண்ணுதான்! எல்லாரும் வெளிய வாங்க, துப்பாக்கிய எடுங்க!"

இரைச்சல்தான் வந்தது.

"தோவான், கேக்குதா? தம்பி, கேக்குதாடா?" தொண்டை கிழியக் கத்தினேன்.

பதில் வந்தது. தோவான் குரல் இல்லை. நிதானமான வடக்கத்திப் பேச்சு.

"நல்லாக் கேட்டுச்சு அண்ணே. ரொம்ப நன்றி."