அன்செல்மோ பந்து போட்ட இடம்

அன்செல்மோ யாரும் இல்லாத இடத்துக்குப் பந்தைப் போட்டான்.

முதல் நாள் பயிற்சியிலேயே அதைக் கவனித்தேன். நான் கோல்கீப்பர். மைதானம் முழுவதும் என் கண்முன் இருக்கும். நடுக்களத்தில் அவன் பந்தை வாங்குவான். தலையைத் தூக்கிப் பார்க்க மாட்டான். இடது ஓரத்தில், கார்னர் கொடிக்குச் சற்று முன்னால் போடுவான். பந்து அங்கே போய் வேகம் குறைந்து நிற்கும், ஒருவன் ஓடி வந்து எடுத்துக்கொள்வதற்காக வைத்தது போல. யாரும் வர மாட்டார்கள்.

"யாருக்குய்யா போடறார் இவர்?" என்றார் வேதாசலம்.

வேதாசலம் எங்கள் தொழிற்சாலையின் பர்சனல் ஆபீசர். கால்பந்து அணியும் அவர் பொறுப்பில் இருந்தது. 1983. செகந்திராபாத்தை ஒட்டிய பாலாநகரில் மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் எங்களுக்கு வேலை. மாலையில் லோத்குண்டாவில், ராணுவ நிலத்தை ஒட்டிய மண் மைதானத்தில் பயிற்சி. அன்செல்மோ பராகுவேக்காரன். முப்பத்தாறு வயது. கல்கத்தாவில் ஒரு சீசன் ஆடினான். அவர்கள் வேண்டாம் என்று விட்ட பிறகு வேதாசலம் அவனைப் பயிற்சியாளராக அழைத்து வந்தார். ஆட்டத்திலும் இறங்கலாம் என்று அனுமதி வாங்கியிருந்தார்.

"கடல் தாண்டி வந்திருக்காரு சார். பந்து இன்னும் அங்கயேதான் போவுது" என்றான் சிலாஸ்.

எல்லோரும் சிரித்தார்கள். அன்செல்மோவும் சிரித்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது.

சிலாஸ் என் தங்கை மெட்டில்டாவின் கணவன். பெயின்ட் ஷாப்பில் நாலு வருடமாகத் தற்காலிக ஊழியன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிறுத்துவார்கள், பிறகு மறுபடி எடுப்பார்கள். நன்றாக ஓடுவான். அதைத் தவிர கால்பந்து அவனுக்கு வராது. வலது காலால், பந்தைப் பார்க்காமல், ஓங்கி உதைப்பான். நிறுவன அணிகள் ஆடும் கோப்பையை ஜெயித்தால் நிரந்தரமாக்குகிறேன் என்று வேதாசலம் வாக்குக் கொடுத்திருந்தார். சிலாஸ் அதற்காக மட்டுமே ஆடினான்.

இரண்டாம் வாரம் இடது ஓரத்தில் ஆடுபவனுக்கு மஞ்சள்காமாலை வந்தது. அந்த இடத்தில் சிலாஸை நிறுத்தினார்கள். அன்று முழுவதும் அன்செல்மோ போட்ட பந்துகள் அவனைத் தாண்டியே போயின. கடைசியில் சிலாஸுக்குக் கோபம் வந்தது. பந்து புறப்படுவதற்கு முன்பே, சும்மா, அந்த மூலையைப் பார்த்து ஓடினான். அவன் போய்ச் சேர்ந்தபோது பந்து அவன் இடது காலடியில் இருந்தது. உள்ளே திருப்பிப் போட்டான். கோல்.

அவன் தன் இடது காலைக் குனிந்து பார்த்தான்.

அதன் பிறகு நாங்கள் தோற்கவில்லை. அன்செல்மோ பந்தைத் தொடுவதற்கு முன்பே சிலாஸ் ஓடத் தொடங்குவான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை. ஓடும்போது சிலாஸின் தோள்கள் இறங்கின. அடிகள் சிறியவையாயின. பின்னாலிருந்து பார்த்தால் உயரம் குறைந்தது போல் இருந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்செல்மோ களத்தில் அவனை "செல்ஸோ" என்று கூப்பிட்டான். சிலாஸ் என்று சொல்ல வரவில்லை போலும் என்று நினைத்தோம்.

போவன்பள்ளியில் நாங்கள் ஒரே காம்பவுண்டில் குடியிருந்தோம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை; தங்கை வீட்டில் சாப்பாடு. ஒரு சனிக்கிழமை சிலாஸ் மார்க்கெட்டிலிருந்து ஒரு பை நிறைய மரச்சீனிக் கிழங்கு, இந்த மரவள்ளிதான், வாங்கி வந்தான். மெட்டில்டாவிடம் அவிக்கச் சொன்னான். சோற்றைத் தொடவில்லை. கிழங்கை உப்பு மட்டும் தொட்டுத் தின்றான்.

"என்ன மாப்ள, உமக்கு மரச்சீனி ஆவாதே" என்றேன்.

"யாரு சொன்னா?"

"நீருதான். கல்யாணத்துக்கு மறுநாள் எங்கம்மா வச்சதுக்கு, பன்னிக்குப் போடுத தீனின்னீரு. எங்கம்மா அழுதாள்லா."

அவன் என்னைப் பார்த்தான். நான் வேறு யாரையோ பற்றிப் பேசுவது போல் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு அடுத்த துண்டை எடுத்தான்.

மெட்டில்டா அடுப்படியில் என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "அண்ணே, கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்காவ."

"களைப்பா இருக்கும்."

"களைப்பு இல்ல. பேரு சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பல. லேசா இருமுனாத் திரும்புதாவ. நேத்து என்ன உத்துப் பாத்துட்டு, நீங்க யாரு வீட்டுக்கு வந்தீங்கன்னு இந்தியில கேக்காவ. நான் சிரிச்சேன். அவுக சிரிக்கல."

மறுநாள் பயிற்சி முடிந்ததும் அன்செல்மோவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். கயிற்றை ஒருமுறை அடிப்பாகத்தைச் சுற்றிக் கட்டுவது அவன் வழக்கம். சிலாஸும் இப்போது அப்படித்தான் கட்டினான்.

செல்ஸோ யார் என்று கேட்டேன்.

அவனுக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது கொஞ்சம் ஆங்கிலம். அதில் சொன்னான். செல்ஸோ அவன் தம்பி. இருவரும் அவித்த மரவள்ளியைத் தின்றுவிட்டு ஆற்றங்கரையில் சேர்ந்து ஆடியவர்கள். இவன் நடுவில், தம்பி இடது ஓரம். தலைநகர் அசுன்சியோனில் ஒரு கிளப்பில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இருவரும் போக இருந்தார்கள். அதற்கு முன் தம்பி காய்ச்சலில் செத்துப்போனான். பதினைந்து வயது. புதைத்த கையோடு இவன் மட்டும் போனான்.

"பந்து என்னிடம் வந்தது. எப்போதும் போடும் இடத்தில் போட்டேன். அங்கே யாரும் இல்லை. ஆனால் பந்து போய் நின்ற அந்த இடத்தைப் பார்த்துத்தான் என்னை எடுத்தார்கள்."

பிறகு காலி என்று ஓர் ஊர், குவாயகில், குவாத்தமாலா, இன்னும் எத்தனையோ ஊர்கள், ஹாங்காங், கல்கத்தா. ஊர்களை அவன் ரயில் நிலையங்கள் போலச் சொன்னான். எங்கும் ஒரு வருடத்துக்கு மேல் இல்லை.

"அங்கெல்லாம் இடது ஓரத்தில் யார் ஆடினார்கள்?"

"யாராவது ஒருவன் ஓட ஆரம்பிப்பான். நன்றாக ஓடுவான்."

"பிறகு?"

"குவாயகில்காரன் மனைவியை விட்டுவிட்டு எங்கோ போய்விட்டான். ஹாங்காங்கில் இருந்தவனுக்கு அவன் அம்மாவைத் தெரியாமல் போயிற்று. மற்றவர்களைப் பற்றி எனக்குத் தெரியாது. அதற்குள் கிளம்பிவிடுவேன்."

"செத்துப்போன தம்பியை ஏன் கூப்பிடுகிறாய்?"

"நான் கூப்பிடுவதில்லை" என்றான். "பந்தை மட்டும்தான் போடுகிறேன். வேறு இடத்தில் போட எனக்குத் தெரியாது."

அவன் பொய் சொல்லவில்லை என்று தோன்றியது. அதுதான் பயமாக இருந்தது.

வேதாசலத்திடம் போனேன். எதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சிலாஸை மாற்றி வேறு இடத்தில் ஆடவிடலாமே என்றேன்.

"தியோடர், உமக்கு மூளை இருக்கா? ஃபைனல் ஞாயித்துக்கிழமை. உம்ம மச்சினனாலதான் இவ்வளவு தூரம் வந்திருக்கோம். அவன் ஃபைலை மேல அனுப்பிட்டேன். ஓடச் சொல்லும்."

ஞாயிறு காலை கோயிலில் ஆராதனை முடிந்து வந்தோம். மெட்டில்டா சிலாஸின் எதிரில் நின்றாள். இரண்டு கைகளாலும் அவன் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். நான் வாசலில் இருப்பதை அவள் பொருட்படுத்தவில்லை.

"அத்தான், இன்னைக்கு ஓடாதீங்க."

அவன் கண்கள் அங்குமிங்கும் போயின. வெகு நேரம் கழித்து அவள் முகத்தில் நின்றன.

"ஓடலேன்னா வேலை?" என்றான். சிலாஸின் குரல். பல நாளாக அதைக் கேட்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"போனாப் போவுது. கஞ்சி குடிப்போம்."

"நாலு வருசமாக் காத்துக் கெடக்கேன், மெட்டில்டா."

"நாலு வருசம் என் கூட இருந்தது நீங்கதான. வேலை வந்து, நீங்க இல்லேன்னா நான் யாரு கூட இருக்க?"

அவன் ஷூவை எடுத்துப் பையில் வைத்தான்.

ஃபைனல் செகந்திராபாத்தில், பிற்பகலில். நல்ல கூட்டம். எதிரணியும் ஓர் அரசு நிறுவனம்தான். சிலாஸைத் தடுக்க ஒரு ஆளைத் தனியாக வைத்திருந்தார்கள். முஷீராபாத் பையன், தடுப்பாட்டக்காரன், முரட்டு பேக். முதல் பாதி முழுவதும் சிலாஸ் ஓடினான். அந்தச் சிறிய அடிகளில், தோள்களை இறக்கி, அந்த மூலைக்கே ஓடினான். மெட்டில்டா சொன்னது அவன் காதில் ஏறவில்லை என்று நினைத்தேன். பேக் எப்படியோ இரண்டு முறை பந்தை வெளியே தள்ளினான். கோல் இல்லை.

இடைவேளையில் அவன் தண்ணீர் குடிக்கவில்லை. கால்களைப் பார்த்தபடி நின்றான்.

"மாப்ள."

திரும்பவில்லை.

இரண்டாம் பாதியில் ஆட்டம் பெரும்பாலும் எங்கள் பக்கமே நடந்தது. நான் மூன்று பந்துகளைத் தடுத்தேன். மூன்றாவதைக் கையால் உருட்டி அன்செல்மோவுக்கு விட்டேன். அவன் வாங்கினான். தலையைத் தூக்கவில்லை.

சிலாஸ் புறப்பட்டான். நாலைந்து அடி வைத்தான். பிறகு உட்கார்ந்தான்.

தடுக்கி விழவில்லை. நடுக்கோட்டுக்குப் பக்கத்தில், ஆட்டத்தின் நடுவே, தரையில் உட்கார்ந்தான். இரண்டு கைகளின் விரல்களையும் மண்ணுக்குள் பதித்துப் பிடித்துக்கொண்டான். அவன் இடது கால் மட்டும் நீண்டு, குதிகாலால் தரையைத் தள்ளிக்கொண்டே இருந்தது. வேதாசலம் கத்தினார். கூட்டம் ஊளையிட்டது. சிலாஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

பந்து எப்போதும் போகும் இடத்துக்குப் போனது.

முரட்டு பேக் அதை எடுக்க ஓடினான். அருகே போனவன் சட்டென்று நின்றான். ஒரு அடி பின்வாங்கினான். பந்து தரையில் நின்றது. பிறகு உள்ளே வந்தது. தாழ்வாக, வளைந்து, கோலுக்கு முன்னால் வந்தது. எங்கள் சென்டர் ஃபார்வர்டு தலையைக் கொடுத்தான்.

கோல்.

காற்று என்று பிறகு சொன்னார்கள். பேக் காலில் பட்டுத் திரும்பியது என்றும் சொன்னார்கள். அன்று ஒரு கொடியும் அசையவில்லை. ஆட்டம் முடிந்து அந்தப் பையனிடம் ஏன் நின்றாய் என்று கேட்டேன். "நக்கோ பூச்சோ, பாய்" என்றான். கேட்காதே. முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு போய்விட்டான்.

கோல் விழுந்ததும் எல்லோரும் சென்டர் ஃபார்வர்டைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அன்செல்மோ போகவில்லை. மூலையைப் பார்த்தபடி நின்றான். இத்தனை வருடத்தில் அவன் பந்து போட்ட பிறகு தலையைத் தூக்கிப் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். முகம் மெல்லத் தளர்ந்தது. பிறகு நடந்தான். இடது ஓரத்துக்குப் போனான், சிறிது நின்றான், ஏதோ சொன்னான். அங்கிருந்து கோட்டைத் தாண்டி வெளியே நடந்தான். தலை இடது பக்கம் சாய்ந்திருந்தது. உயரம் குறைந்த ஒருவரோடு பேசிக்கொண்டு போகிறவர்கள் அப்படித்தான் சாய்வார்கள். அடிகளையும் சிறிதாக்கிக்கொண்டான்.

"மிஸ்டர்! எங்க போறார் இவர்? மேட்ச் முடியலை!" என்று வேதாசலம் பின்னால் ஓடினார். அவன் திரும்பவில்லை. வாயில் வழியாகப் போனான்.

பத்துப் பேரோடு மிச்சத்தை ஆடினோம். நடுக்களத்தில் ஆள் இல்லை. பந்து திரும்பத் திரும்ப என்னிடமே வந்தது. கடைசி நிமிடங்களில் ஒன்றை நான் தட்டிவிட, அது கோலுக்கு எதிரிலேயே விழுந்தது. நான் தரையில் கிடந்தேன். எதிரணிக்காரன் காலை ஓங்கினான். அப்போது பக்கத்தில் பெரிய மூச்சுச் சத்தம் கேட்டது. சிலாஸ். நீள நீளமாகக் கால் போட்டு, வாயைத் திறந்துகொண்டு வந்தான். வலது காலால், பந்தைப் பார்க்காமல், ஓங்கி உதைத்தான். பந்து ஜனங்களுக்கு நடுவே போய் யாருடைய குடையிலோ விழுந்தது. நல்ல உதை என்று சொல்ல முடியாது.

ஜெயித்தோம். கோப்பையை வாங்கும்போதே வேதாசலம் சிலாஸைப் பார்த்துச் சொன்னார்:

"எல்லார் எதிர்லயும் உட்கார்ந்துட்டியேப்பா. எம்.டி. பார்த்துட்டார். யார் இவன்னு கேட்டார். நான் என்ன சொல்ல? ஃபைல் திரும்பி வந்துடும்."

"சரி சார்" என்றான் சிலாஸ்.

அன்செல்மோவின் அறைக்கு ஆள் அனுப்பினார்கள். பெட்டி இருந்தது. அவன் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. மறு சீசன் எங்கள் பந்துகள் எல்லாம் ஆள் இருக்கும் இடத்துக்கே போயின. முதல் சுற்றிலேயே வெளியேறினோம்.

ஆனால் அது பிறகு. அன்று நாங்கள் வெளியே வந்தபோது வாயிலுக்குப் பக்கத்தில் மெட்டில்டா நின்றுகொண்டிருந்தாள். வருவதாக அவள் சொல்லவில்லை. அந்த வாயில் குறுகலானது. ஒரு பக்கக் கதவு மட்டும்தான் திறந்திருந்தது.

"எப்ப வந்த?" என்றேன்.

"அப்பவே. உள்ள வரப் பயமா இருந்துச்சு."

"அந்த ஆளு இந்த வழியாத்தான போனான்?"

"ஆமா. நான் விலகிக்கிட்டேன்."

"எதுக்கு? ஒரு ஆளு தாராளமாப் போலாமே."

அவள் வாயிலைப் பார்த்தாள். "ரெண்டு பேருல்லா போனாவ" என்றாள்.

சிலாஸ் வந்தான். அவள் அவன் முகத்தை ஒருமுறை பார்த்தாள். வேலையைப் பற்றிக் கேட்கவில்லை. பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து அவன் கைகளில் ஊற்றினாள். மண் நகங்களுக்குள் ஆழமாகப் போயிருந்தது. விரல் விரலாகத் தேய்த்தாள்.

"போதும் விடு" என்றான் அவன். "பஸ் போயிரும்."