குறுக்கே படுப்பவள்

"பெங்களூருக்கே கூட்டிகினு போயிடலாம்க்கா. எத்தினி நாளு வெச்சிப் பாக்கறது..."

"ஊரு சிரிக்கும்டா. பைத்தியத்தோட தங்கச்சின்னு சின்னவள எவன் கட்டுவான்..."

"அதான் நான் இருக்கன்ல..."

"வாய மூடுடா. டாக்டரம்மா எதிர்ல."

இருவருக்கும் நடுவே முக்காலியில் உட்கார்ந்திருந்தவள் முனிலட்சுமி. வாயை மூடச் சொன்ன நாராயணம்மா அவளைப் பெற்றவள். மூடிக்கொண்ட ராமப்பன் நாராயணம்மாவின் தம்பி, முனிலட்சுமிக்குத் தாய்மாமன், ஆறு வருஷமாகப் புருஷனும் அவன்தான். பிள்ளை இல்லை. கணவன் செத்த பிறகு நாராயணம்மா சின்ன மகள் சரசம்மாவோடு தம்பி வீட்டிலேயே தங்கிவிட்டாள். அஞ்செட்டிக்கு அப்பால் காட்டோரத்து ஊர். கருக்கலில் கிளம்பி, ஓசூர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது.

டாக்டர் சரோஜம்மாள் காவேரிப்பட்டினத்துக்காரி. பெங்களூரில் மனநோய் மருத்துவப் பயிற்சி முடித்து வந்தவள், எப்பேர்ப்பட்ட வாயையும் திறக்க வைத்துவிடலாம் என்ற தெம்பு அவளுக்கு உண்டு. ராமப்பன் சொன்னதை முழுக்கக் கேட்டாள். தை மாசத்திலிருந்து யாரோடும் பேச்சில்லை, தூக்கமில்லை. ராத்திரியானால் தங்கச்சி படுக்கிற அறைவாசலில் அரிவாளை வைத்துக்கொண்டு குறுக்கே படுத்துக்கொள்கிறாள். பக்கத்தில் போனால் ஓங்குகிறாள். ஒரு காகிதம் எழுதிக் கொடுத்தால் பெங்களூர் மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அவன் பாட்டுக்கு ஏர் ஓட்டப் போவான்.

நோயின் பேர் சரோஜம்மாளின் மனதில் பாதி எழுதியாகிவிட்டது. படித்த முறைப்படி புருஷனை வெளியே அனுப்பினாள். பெற்றவள் பக்கத்தில் இருந்தால் பெண் பேசுவாள் என்று நாராயணம்மாவை இருத்திக்கொண்டாள். பேர் என்ன, இது எந்த மாசம், காதில் யாராவது பேசுகிறார்களா. ஒவ்வொரு கேள்விக்கும் முனிலட்சுமி தாயின் முகத்தை ஒருதரம் பார்த்தாள், பிறகு கூரையைப் பார்த்தாள். 

பேனாவைத் திறந்தபோதுதான் சரோஜம்மாளுக்குச் சுருக்கென்றது. புத்தி கலங்கியவள் யார் காதில் விழும் என்று பார்த்துக்கொண்டா வாயை மூடுவாள்? பக்கத்தில் இருப்பவள் தாய்தான். ஆனால் வெளியே நிற்கிறவனுக்கு அக்கா. சரோஜம்மாளின் சொந்த அக்காவையே தாய்மாமனுக்குத்தான் கொடுத்திருந்தது. பாதி வீடுகளில் இப்படித்தான் என்பதாலேயே இது அவள் கண்ணில் படவில்லை. புருஷன் வீட்டார் வெளியே போங்கள் என்று சொல்லிவிட்டு, புருஷன் வீட்டுப் பெரிய தலையைப் பக்கத்திலேயே உட்காரவைத்திருக்கிறாள்.

"நீங்களும் வெளிய இருங்க."

"பெத்தவ நானு. எனக்குத் தெரியாம அவளுக்கு என்ன இருக்குது?"

"அதத்தான் கேக்கப்போறன்."

கதவைச் சாத்திவிட்டு நாற்காலியை முக்காலிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். மறுபடி பேரையும் மாசத்தையும் கேட்கவில்லை.

"ராத்திரியில யாரக் காவல் காக்கற?"

சாத்திய கதவை ஒருதரம் பார்த்துவிட்டு முனிலட்சுமி வாய் திறந்தாள். வார்த்தை ஒன்றுகூடத் தடுமாறவில்லை. தங்கச்சி சரசாவுக்கு வயது பதினாலு. பிள்ளை வேண்டுமென்று அவளையும் மாமனுக்கே கட்டப் பேசிவிட்டார்கள். தை மாசம் ஒருநாள் விடியுமுன்னே தாலி கட்டக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். இவள் வாசலில் விழுந்து மறித்தாள். அன்றைக்குப் பிடித்ததுதான் பைத்தியம்.

"சின்னவ அழுவுறாளேன்னு அம்மாகிட்ட மொதல்லயே சொன்னன். அது போயி தன் தம்பிகிட்டயே சொல்லிச்சி. அப்பறம் பேசி என்னாங்க?"

"காதுல ஏதாச்சும் கேக்குதா?"

"எதும் இல்லீங்க. கண்ணுதான் தூக்கத்துக்கு ஏங்குது."

சிரித்தாள்கூட. சரோஜம்மாள் மனதில் எழுதியிருந்ததை அடித்துவிட்டுக் காகிதத்தில் வேறு எழுதினாள். புத்தியில் கோளாறு இல்லை. தூக்கம் இல்லை. வார்டில் ஒரு கட்டில், துணைக்குத் தங்கச்சி. கட்டில் என்றதும் முனிலட்சுமியின் முகம் மாறியது. சின்னவள் வந்து சேர்கிறவரைக்கும் கண்ணை மூடமாட்டேன் என்றாள்.

டாக்டர் நாராயணம்மாவை மட்டும் உள்ளே கூப்பிட்டாள். அவள் மகளைப் பார்த்தாள், பிறகு கதவிடுக்கில் தெரிந்த தம்பியின் தலைப்பாகையைப் பார்த்தாள். சரோஜம்மாள் எழுந்து அந்த இடுக்கையும் சேர்த்துச் சாத்தினாள்.

"நாளைக்கு மொதப் பஸ்ஸுல சின்னவள நீங்களே இங்க கூட்டியாரணும். பெரியவ இங்கதான் இருப்பா. இன்னிக்கி ஒரு ராத்திரி சின்னவ வாசல்ல குறுக்க யாரும்மா படுக்கறது, நீங்களா?"