ரூபிகா தைக்காத பை

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் கொட்டாஞ்சேனைத் தையல் பட்டறையில் இருந்தவர்கள் இவர்கள்: உரிமையாளர் கௌரி, அவருடைய மகன் சயந்தன், வெள்ளவத்தையிலிருந்து வந்திருந்த கணவரின் தம்பி முத்துலிங்கம், தையல்காரி ரூபிகா, லொறிக்காரர் மஹ்ரூப். ஆக ஐந்து பேர். வேலை இல்லாததால் மற்றத் தையல்காரிகளை வீட்டிலேயே நிற்கச் சொல்லியிருந்தார் கௌரி.

மஹ்ரூபின் லொறி நிறையச் சீனத்துத் தோள்பைகள். முத்துலிங்கத்தின் ஏற்பாடு அது. அமெரிக்கா, சீனா தனக்கு மலைபோல விற்கிறது, தன்னிடம் வாங்குவதோ கொஞ்சம் என்று கோபித்து, சீனப் பொருளுக்கு வரியை ஏற்றியிருந்தது. இலங்கைப் பொருளுக்கு வரி அதைவிடக் குறைவு. பையிலுள்ள 'சீனாவில் செய்தது' என்ற லேபலை வெட்டிவிட்டு, 'இலங்கையில் செய்தது' என்று தைத்து அமெரிக்காவுக்கு அனுப்பினால் போதும், கொழுத்த லாபம். பட்டறை ஓய்ந்து கிடந்த கவலையில், முதல்நாள் கௌரியும் தலையாட்டிவிட்டிருந்தார்.

இப்போது லொறியில் பைப் பெட்டிகளைக் கண்டதும் அவருக்கு மனம் ஒப்பவில்லை.

“இதில என்ன பாவம் அண்ணி? அவை பெரிய நாடுகள். ஆர் கூட விக்கிறது எண்டு அடிபடட்டும். இடையில எங்கட கை கொஞ்சம் நனைஞ்சால் ஆருக்கு நட்டம்?” என்றார் முத்துலிங்கம்.

“ஓம் அம்மா. வெள்ளவத்தையில பாதிக் கடையில சீனச் சாமான்தானே?” என்றான் சயந்தன்.

“சீனச் சாமான் எண்டு சொல்லி விக்கட்டும், நானும் வாங்குறன். அங்கயும் ஒருத்தி முதுகு நோகத்தான் தைச்சிருப்பாள். அவளின்ர நாட்டுப் பேரை ஏன் வெட்டவேணும்?” என்றார் கௌரி.

முத்துலிங்கம் சிரித்தார். மேசையில் கிடந்த சிறு கடதாசித் துண்டுகளை எடுத்தார். கௌரியின் காலஞ்சென்ற கணவர் நமசிவாயம் தொடக்கிவைத்த வழக்கம் அது: ஒவ்வொரு பையின் உள்ளறையிலும், அதைத் தைத்தவள் தன் கையால் பெயர் எழுதிய துண்டு ஒன்று இருக்கும். பைகளை வாங்கும் அமெரிக்காக்காரர்களுக்கு அது மிகவும் பிடிக்கும்.

“இதையும் வைச்சால்தான் நம்புவினம். பிள்ளை ரூபிகா, உம்மட பேரை எழுதும்.”

ரூபிகா பேனாவை எடுத்தாள்.

“பொறு. இதை நீ தைச்சனியா?” என்றார் கௌரி.

“இல்ல மேடம். ஆனா வேல இல்லன்னா புள்ளைங்களுக்கு என்னத்த ஆக்கிப் போடுறது? எழுதிர்றேன். பேருதானே.”

பேருதானே! கௌரிக்குச் சுருக்கென்றது. நாளை இது பிடிபட்டால் முத்துலிங்கம் கைகழுவிவிடுவார். துண்டில் நிற்பது ரூபிகாவின் பெயர். பட்டறை வாசலில் நிற்பது நமசிவாயத்தின் பெயர். பேனாவை வாங்கி மூடினார்.

“தம்பி, எல்லாத்தையும் திருப்பிக் கொண்டு போம்.”

“அண்ணன் இருந்திருந்தால் இப்பிடி விசர் வேலை பார்த்திருக்க மாட்டார்!”

“உம்மட அண்ணன் இருந்திருந்தால், இந்த லொறி வாசல் கேற்றைத் தாண்டியிராது.”

மஹ்ரூப் தலையைச் சொறிந்தார். “சைனாலருந்து வந்து சேந்த நேரத்த விட இங்க நிக்கிற நேரம் கூட போல. எறக்கவா, கொண்டு போகவா மேடம்?”

“கொண்டு போங்கோ, மஹ்ரூப் நானா.” பிறகு கௌரி மகன் பக்கம் திரும்பினார். “நீ இண்டைக்கே புறக்கோட்டையில கடை கடையா ஏறி இறங்கி ஓடர் கேள். பள்ளிக்கூடப் பை தைப்பம். லாபம் குறையட்டும். ரூபிகா, ஓடர் வருமட்டும் உனக்குச் சம்பளம் தர வேண்டியது என்ர பாடு.”

“பெரிய நாடுகளோட ரோசம் காட்டி வாழேலாது அண்ணி.”

“அவையின்ர சண்டையை அவை பார்க்கட்டும். நாங்கள் அதுக்குள்ள பொய்யைத் திணிச்சால், நாளைக்கு இலங்கை எண்ட லேபலைக் கண்டாலே ஒருத்தரும் நம்பாயினம். நேர்மையாத் தைக்கிற பெட்டையளின்ர சோத்திலயும் மண் விழும். சின்ன நாட்டுக்குச் சொல்லுத்தான் சொத்து. அதை வாடகைக்கு விட ஆருக்கும் உரிமை இல்லை.”

லொறி போனது.

சுங்க அதிகாரி வாசலில் வந்து நின்றதைக் கண்டு பயந்துதான் கௌரி பெட்டிகளைத் திருப்பினார் என்று வெள்ளவத்தையில் இப்போது கதை உலவுகிறது. அது பொய். அன்று எந்த அதிகாரியும் வரவில்லை. அங்கே இருந்தவர்கள் அந்த ஐந்து பேர்தான்.