ஆச்சு கண்ணு

கரோலின் இடது கையால் வாலைப் பிடித்தாள். வலது கையின் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் பிடரிக்குப் போயின. "ஆச்சு கண்ணு, ஆச்சு" என்றாள். அந்தக் குரலுக்கு வெள்ளைச் சுண்டெலி அடங்கி உடம்பைத் தளர்த்தியது. ஒரே இழுப்பு. கழுத்தெலும்பு விலகியது அவள் விரலுக்கு மட்டும் தெரிந்தது.

திருவொற்றியூரில், குடல்புழு மருந்தைப் பரிசோதிக்கும் அந்த ஆய்வுக்கூடத்தில் இதைக் கொல்வது என்று யாரும் சொல்லமாட்டார்கள். சாக்ரிஃபைஸ் என்பார்கள், அதாவது பலி. ஞாயிறு தவறாமல் திருப்பலிக்குப் போய் வளர்ந்த ராயபுரத்துப் பெண்ணுக்கு அந்தச் சொல் தொண்டையில் சிக்கியது. பிறகு எல்லாம் போல அதுவும் பழகிப்போனது.

ஒரு கூண்டுக்கு மருந்து, அடுத்த கூண்டுக்கு வெறும் தண்ணீர். இரண்டு கூண்டுக்கும் புழு முட்டையைப் புகட்டியவளும் அவள்தான். மருந்து குடித்ததாவது பிழைக்கும் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் நம்பினாள். "புழு செத்துச்சான்னு வயித்தத் தொறந்தாதானேக்கா தெரியும்" என்று ஆராய்ச்சி செய்கிற ரேகா சிரித்தபோது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குணமானதும் சாகணும், ஆகாததும் சாகணும். நல்ல நியாயம்! அன்றிலிருந்துதான் எலிகளைக் கண்ணு என்று கூப்பிட ஆரம்பித்தாள். பயத்தோடு செத்தால் வலி அதிகம் என்று அவளுக்கு ஒரு எண்ணம். அதுகளும் அந்தச் சொல்லை நம்பின, பாவம்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது புருஷன் வால்டர் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தான். துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளை இறுக்கிக் கட்டுகிறவன். அடிக்க அவனுக்குக் காரணம் வேண்டியதில்லை.

"இன்னாடி, எலி நாத்தத்தோட வந்துகீற? கலீஜு."

"குளிச்சிட்டுதான் வந்தேன்."

பதில் சொன்னது குற்றமாகிவிட்டது. முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். மறுபடியும் மோதினான். போன மாதம் உடைந்த பல்லுக்குப் பக்கத்துப் பல் ஆடியது, வாயெல்லாம் ரத்தம் கரித்தது. கீழே தள்ளி, மேலே ஏறி உட்கார்ந்து கழுத்தை நெரித்தான். எத்தனையோ அடித்திருக்கிறான், கழுத்துக்கு வந்ததில்லை. இன்றைக்குச் செத்துவிடுவோம் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. கால்கள் உதறின. கண் இருட்டியது. கைகள் மட்டும் அவளைக் கேட்காமல் வேலைக்குப் போயின.

இடது கை அவன் தலைமுடியைப் பற்றியது. வலது கையின் இரண்டு விரலும் பிடரியில் ஏறி, மண்டை முடிகிற பள்ளத்தில் உட்கார்ந்தன. சுண்டெலிக்கும் இந்தக் கழுத்துக்கும் எவ்வளவோ வித்தியாசம். விரல்களுக்கு அது தெரியவில்லை. நெரிபட்ட தொண்டையிலிருந்து வழக்கமான சொல்லும் வந்துவிட்டது.

"ஆச்சு கண்ணு... ஆச்சு."

வால்டரின் பிடி தளர்ந்தது. கல்யாணமான புதிதில் அவள் அவனை அப்படிக் கூப்பிட்டது. எத்தனை வருஷமாயிற்று! முகம் கோணிக்கொண்டு அழுகை வந்தது அவனுக்கு. "கரோ, நா இன்னா பண்ணிக்கினு கீறேன்..." என்று அவள் தோளில் கவிழ்ந்தான். முழு உடம்பும் அவள்மேல் தளர்ந்து கிடந்தது.

விரல்கள் பள்ளத்தை விட்டு நகரவில்லை. அங்கே நரம்பு துடிப்பது கட்டை விரலில் தெரிந்தது.

"இன்னொரு தபா சொல்லுடி" என்றான் வால்டர், கண்ணை மூடிக்கொண்டு.