மேகத்துக்கு மேலே ஒரு ஷாட்

தருண்குமாருக்கு வாழ்க்கையில் எல்லாமே ரீல்ஸ்தான். சிவகாசியில் அவன் அப்பா நடத்தும் பட்டாசுக் கம்பெனியில் புதிதாக ஒரு பேன்சி ஷாட் போட்டிருந்தார்கள். விர்ரென்று ஏறி, உச்சியில் பொன்னிறக் குடையாக விரியும். மற்றவர்கள் இதை மொட்டைமாடியில் வெடித்துப் படமெடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். இவனுக்கு அது போதாது. மார்கழியில் மேற்கு மலையின் இடுப்பளவுக்கு மேகம் வந்து படுத்துக்கொள்ளும். அதற்கும் மேலே ஏறி, பொழுது சாயும்போது வெடிக்க வேண்டும் என்று ஒரு வாரமாக மனைவியின் உயிரை எடுத்து, கடைசியில் கூட்டிக்கொண்டும் வந்துவிட்டான்.

ஆர்த்தி காரியாபட்டிக்காரி. மலையைத் தூரத்தில் நீலமாகப் பார்த்ததோடு சரி. ஆனாலும் அவள்தான் முன்னால் நடந்தாள். கம்பெனி வாரிசு பின்னால் இரைக்க இரைக்க வந்துகொண்டிருந்தான்.

"ஏங்க, ஒரு ஆளையும் காணோமே. காட்டுக்குள்ள போக அனுமதி வாங்குனீகளா, இல்லையா?"

"நம்ம பெரியப்பா தோப்பு வழியாத்தானே ஏறுனோம். யாரு கேக்கப்போறா?"

மூங்கில் புதர் தாண்டும் இடத்தில், பாதையின் நடுவே யானைச் சாணம் கிடந்தது. ஆர்த்தி அப்படியே நின்றுவிட்டாள்.

"அது பளசு. போன வாரத்துது. நீ நட," என்றான்.

அது பழசில்லை. ஈரம் மினுமினுத்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அவன் அப்படிச் சொன்னான். திரும்பிவிட்டால் ஷாட் போச்சே என்ற கவலை அவனுக்கு.

மேகத்துக்குள் நுழைந்ததும் பாதை காலடியில் மட்டும் மிச்சமிருந்தது. குருவிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. ஆர்த்தி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். நெடுநேரம் கழித்து, தண்ணீரிலிருந்து தலை தூக்குகிற மாதிரி இருவரும் வெளியே வந்தார்கள். அங்கே ஒரு மொட்டைப்பாறை. கீழே கண்ணுக்கெட்டிய மட்டும் மேகம். சிவகாசி, சாத்தூர் எல்லாம் அதற்கு அடியில் எங்கோ கிடந்தன. மேற்கே இரண்டு மலைகளுக்கு நடுவில் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. வெள்ளை மேகம் மெதுவாகச் சிவப்பேறியது.

"இம்புட்டு அளகா இருக்கு. எனக்கு என்னமோ பயமா இருக்குங்க," என்றாள் ஆர்த்தி.

அவன் காதில் வாங்கினால்தானே. போனை நிறுத்தி வைக்க இடம் தேடிப் பாறையின் விளிம்பில் ஏறினான், பாசியில் கால் வைத்தான், விழுந்தான். எழுந்திருக்கப் பார்த்தபோது வலது கணுக்கால் அவன் பேச்சைக் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது. இரண்டு போனிலும் டவர் இல்லை.

ஆர்த்தி அழவில்லை, திட்டவும் இல்லை. தன் சால்வையைக் கழற்றி அவனுக்குப் போர்த்தினாள்.

"நான் கீள போயி தோப்புலேருந்து ஆளைக் கூட்டியாரேன். ஒரே பாதைதானே."

"இருட்டப்போகுது ஆர்த்தி. வேண்டாம்."

"அதான் இப்பவே போறேன். ராத்திரி பூரா இங்கன கிடந்தா விறைச்சுப் போவீக. பாறையை விட்டு மட்டும் இறங்காதீக, என்ன?"

அவள் இறங்கினாள். இடுப்பு மறைந்தது, தோள் மறைந்தது, கடைசியாகக் கொண்டையும் மேகத்துக்குள் போய்விட்டது. கல்யாணமாகி இதுதான் முதல் மார்கழி. இவள் இல்லாமல் தனக்கு ஒன்றுமே இல்லை என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தச் சாணத்தைப் பற்றி உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவளைத் தனியாக விடக்கூடாது. கீழே இருப்பவர்களுக்கு இங்கே ஆள் இருப்பது தெரிந்தால் டார்ச்சோடு ஏறி வருவார்கள், பாதி வழியிலேயே அவளைப் பார்த்துவிடுவார்கள். இதை நினைத்ததும் அவனுக்குத் தெம்பு வந்தது. ஷாட்டை எடுத்துப் பாறை இடுக்கில் நிறுத்தித் திரியைப் பற்றவைத்தான். அது ஏறி, வெடித்து, சிவந்த மேகத்துக்கு மேலே பொன்குடையாக விரிந்தது. அவன் நினைத்ததைவிட அழகாகவே இருந்தது. படமெடுக்கத்தான் ஆளில்லை.

கொஞ்ச நேரத்தில் மேகத்துக்கு அடியிலிருந்து 'டம்' என்று பதில் வந்தது. அவன் சிரித்தேவிட்டான்.

"ஏ ஆர்த்தி! கேட்டுருச்சு!"

"நானும் கேட்டேங்க! ஆள் வாராக!" அவள் குரல் கீழேயிருந்து சந்தோஷமாக வந்தது.

பதில் என்றால் ஒரு வெடியோடு நிற்க வேண்டும். இது நிற்கவில்லை. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, பிறகு அடிவாரம் நெடுகிலும் வரிசையாக. நடுவே தகரம் தட்டும் சத்தம், ஆட்கள் ஊளையிடும் சத்தம். உதவிக்கு வருகிறவன் ஊளையிடுவானா?

அடிவாரத் தோப்புக்காரர்களுக்கு இந்த மாதங்களில் யானையோடுதான் மல்லுக்கட்டு. சரிவில் காவலிருப்பவன் ஒரு வெடி போட்டால் யானை இறங்குகிறது என்று அர்த்தம். உடனே கீழே இருப்பவர்கள் வரிசைகட்டி நின்று வெடி போட்டு, தகரம் தட்டி, அதை வந்த வழியே மலைக்கு ஏற்றிவிடுவார்கள். அதற்கான வெடியைப் பெட்டி பெட்டியாகக் கொடுப்பதே இவன் அப்பாதான். இது அவர்கள் கம்பெனி அணுகுண்டு. கண்ணை மூடிக்கொண்டே சொல்லுவான்.

அந்த ஈரச் சாணத்தைப் போட்ட யானை வந்த வழி, ஆர்த்தி இறங்குகிற அதே பாதை.

பையில் இன்னொரு ஷாட் இருந்தது. அதைப் போட்டால் கீழே இன்னும் ஆவேசமாக விரட்டுவார்கள். அதை எடுத்த கை அப்படியே நின்றது.

"ஆர்த்தி! மேல வந்துரு! திரும்பி வா!"

வெடிச்சத்தம் அவன் குரலை விழுங்கியது.

"என்னது? கேக்கலைங்க! பொறுங்க, வந்துருவாக!"

அவன் பாறையை விட்டுச் சறுக்கினான். உட்கார்ந்தபடியே, கையை ஊன்றி, வலியில் கத்திக்கொண்டே மேகத்தின் விளிம்புக்கு வந்தான். சூரியன் போய்விட்டது. மேகம் சாம்பல் நிறமாகிவிட்டது. உள்ளே, எங்கோ கீழே, அவள் போன் வெளிச்சம் மங்கலாக ஆடியது.

வெடிச்சத்தம் நின்றது. வேலை முடிந்தது என்று அவர்கள் காவல் பரணுக்குத் திரும்பியிருப்பார்கள். அந்த அமைதியில் மூங்கில் முறியும் சத்தம் கேட்டது. ஒன்று, பிறகு பல. வேகமாக மேலே வந்தது.

அவன் மூச்சை இழுத்துக் கத்துவதற்குள் ஆர்த்தியின் குரல் முந்திக்கொண்டது. அந்த வெளிச்சம் உயர்ந்து, இப்படியும் அப்படியும் வேகமாக ஆடியது.

"அண்ணாச்சி, இங்கன இருக்கேன்! எங்க வீட்டுக்காரருக்குக் கால்ல அடி. இந்த வெளிச்சத்தைப் பாத்து வாங்க!"